அக்கா வீட்டில் தங்கிய ஐந்து இரவுகளும் என் வரிக் கணக்கும்

அமெரிக்காவில் சொந்தமாக மென்பொருள் ஆலோசனைத் தொழில் செய்துவரும் நான், 2025 மார்ச்சில் ஒரு வாடிக்கையாளரின் வேலைக்காக வேறு மாநிலத்துக்குப் போனபோது, ஞாயிறு முதல் வெள்ளி வரை அங்கிருக்கும் அக்கா வீட்டிலேயே தங்கினேன். கணக்கெழுதும் நேரம் வந்ததும், மத்திய அரசின் பயணப்படிப் பட்டியலில் உள்ள இரவுக்கு 110 டாலரை ஐந்தால் பெருக்கி, 550 டாலரைத் தங்கும் செலவாகப் பதிந்துவிட்டேன்.

என் கணக்காளர் அந்தப் பதிவைப் பார்த்ததுமே ரசீது எங்கே என்று கேட்டார். சுயதொழில் செய்பவர் தங்கும் செலவுக்கு அந்தப் படியைப் பயன்படுத்த முடியாது, உண்மையில் கொடுத்த பணத்தை மட்டுமே வரிக்குரிய வருமானத்தில் கழிக்கலாம் என்றும், 75 டாலருக்குக் குறைந்த செலவுக்கு ரசீது தேவையில்லை என்ற சலுகைகூடத் தங்கும் செலவுக்குக் கிடையாது என்றும் விளக்கினார். அக்காவிடம் இப்போது பணம் கொடுத்து ரசீது வாங்கலாமா என்று நான் கேட்டதற்கு, நடக்காத வாடகைக்குப் பின்தேதியிட்டுத் தாள் தயாரிப்பது பொய்க் கணக்கு என்று உறுதியாக மறுத்துவிட்டார். அவர் மறுத்ததற்காக இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

விமானக் கட்டணம் முழுவதையும் கழிக்க முடிந்தது. பயணத்தின் நோக்கம் தொழில்தான் என்பதை வாடிக்கையாளரின் மின்னஞ்சல்களே காட்டின. சாப்பாட்டுக் கணக்கில்தான் நெடுநேரம் உட்கார்ந்தோம். அந்த ஊருக்கான உணவுப்படி நாளுக்கு 68 டாலர். புறப்பட்ட நாளுக்கும் திரும்பிய நாளுக்கும் அதில் முக்கால் பங்கான 51 டாலர். கூட்டிவரும் தொகையில் பாதியை மட்டுமே கழிக்கலாம். என் சிறு குறிப்பேட்டைப் புரட்டியபோது, புதன்கிழமை வாடிக்கையாளரின் அலுவலகம் மூடியிருந்ததால் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே வேலை பார்த்து, மூன்று வேளையும் அவர் சமைத்ததையே சாப்பிட்டதாக எழுதியிருந்தேன். சாப்பாட்டுக்கு எதுவும் செலவழிக்காத அப்படிப்பட்ட நாளுக்கு, சில்லறைச் செலவுக்கென்று 5 டாலர் மட்டுமே உண்டாம். வெளியே சாப்பிட்ட மற்ற ஐந்து நாட்களுக்கும் 306 டாலர், அதில் பாதி 153. புதனின் 5 டாலரையும் முழுதாகச் சேர்த்து 158 டாலர் தேறியது.

அக்காவுக்கு நான் வாங்கிப்போன 60 டாலர் பரிசையும் தொழில்முறைப் பரிசு என்று எழுதியிருந்தேன். அந்தத் தலைப்பில் ஒருவருக்கு ஆண்டுக்கு 25 டாலர்தான் வரம்பு என்பது ஒருபுறமிருக்க, அக்கா என் வாடிக்கையாளரே அல்ல என்று சொல்லி அதையும் கணக்காளர் அடித்துவிட்டார்.

இப்போதெல்லாம் உறவினர் வீட்டில் தங்கினால், அன்றிரவே தேதி, இடம், பார்த்த வேலை, சாப்பிட்ட இடம் ஆகிய நான்கையும் குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் படுக்கிறேன்.