சர்க்கரை மாத்திரையால் உடலில் நீர்க்கொப்புளம் வருமா?

கேள்வி:
வணக்கம். 74 வயதான என் தந்தைக்குச் சில மாதங்களாகத் தீராத அரிப்பு இருந்தது. இப்போது வயிற்றிலும் தொடைகளிலும் விறைப்பான நீர்க்கொப்புளங்கள் எழும்பியுள்ளன. உறவினர்கள் அக்கி என்று சொல்லிக் காவி எழுதச் சொல்கிறார்கள். தோல் மருத்துவரோ ‘புல்லஸ் பெம்பிகாய்டு’ என்று ஐயப்பட்டு, அவர் ஈராண்டாக உட்கொள்ளும் வில்டாகிளிப்டின், மெட்ஃபார்மின் கூட்டு மாத்திரையைக் காரணமாகக் கருதுகிறார். இத்தனை காலம் ஒத்துக்கொண்ட மருந்து இப்போது எப்படிக் கெடுதல் செய்யும்? இது தொற்றுமா?

பதில் 1:
தொற்றாது. அக்கி ஒரு நரம்பின் வழியே, பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வரும். நீங்கள் விவரிப்பது அப்படி இல்லை. புல்லஸ் பெம்பிகாய்டில், தோலின் மேலடுக்கை அடியடுக்கோடு பிணைத்து வைக்கும் பிபி180 என்ற புரதத்தை உடலின் எதிர்ப்பாற்றலே பகையாகக் கருதித் தாக்குவதால்தான் இரண்டு அடுக்குகளும் பிரிந்து இடையில் நீர் கோக்கிறது. வில்டாகிளிப்டின் போன்ற கிளிப்டின் வகை மருந்துகள் முடக்கும் டிபிபி-4 நொதி தோலிலும் இருப்பதால், அந்த முடக்கம் இப்புரதத்தை எதிர்ப்பாற்றலுக்குக் காட்டிக்கொடுக்கிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. மருந்து தொடங்கிச் சில ஆண்டுகள் கழித்தும் இது வரக்கூடும் என்பதால், பழகிய மாத்திரை என்று அதை ஐயத்திலிருந்து விலக்கிவிட முடியாது.

பதில் 2:
பயாப்ஸியின்போது (தோலில் சிறு துண்டெடுத்துச் செய்யும் சோதனை) இரண்டு துண்டுகள் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். கொப்புளத்திலிருந்து எடுப்பது, திசுவைப் பதப்படுத்தும் திரவமான ஃபார்மலினில் போகும். கொப்புளத்தை ஒட்டிய தோலிலிருந்து எடுப்பதை ஃபார்மலினில் போட்டுவிட்டால் தோலில் படிந்த எதிர்ப்பொருள்களை ஒளிரவைத்துக் காட்டும் இம்யூனோஃபுளோரசன்ஸ் சோதனை வீணாகிவிடும். இந்நோய்க்குத் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையை ஏற்றும் என்பதால் மேற்பூச்சைப் பற்றியும் பேசுங்கள்: பரவலான நோயிலும் குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு களிம்பை உடல் முழுவதும் பூசுவது மாத்திரைக்குச் சளைத்ததன்று என்று 2002-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டியது. வயதானவருக்கு நாள்தோறும் பூசிவிட ஆள் வேண்டும் என்பதுதான் நடைமுறைச் சிக்கல்.

பதில் 3:
மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். சர்க்கரை மருத்துவரிடம் தோல் மருத்துவரின் சீட்டைக் காட்டி மாற்று மருந்து கேளுங்கள். ஐயம் விழுவது மெட்ஃபார்மின் மீதன்று. வில்டாகிளிப்டினுக்குப் பதிலாக லினாகிளிப்டின் எழுதித் தந்தால் அது மாற்றமே ஆகாது, அதுவும் இதே வகையைச் சேர்ந்தது. 2019 இறுதியில் காப்புரிமை முடிந்தபின் இந்தியாவில் வில்டாகிளிப்டின் எத்தனையோ பெயர்களில் மலிவாக விற்கப்படுவதால், அட்டையின் பெரிய எழுத்தை நம்பாமல், பின்புறத்துச் சிறிய எழுத்தில் ‘கிளிப்டின்’ என்று முடியும் பெயர் உள்ளதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். நிறுத்திய பலருக்கு நோய் அடங்குகிறது; ஆனால் சில வாரங்களாவது ஆகும், சிலருக்குச் சிகிச்சை நீடிக்கவும் செய்யும்.