எந்நேரமும் பசிக்கும் பிள்ளை: மரபணு காரணமாக இருக்குமா?

தென்காசி அம்மா:
மகனுக்கு நாலு வயது, 34 கிலோ. பிறந்தபோது 2.9 கிலோதான், சில மாதங்களிலேயே ஏற ஆரம்பித்துவிட்டது. நாலு இட்லி தின்று கை கழுவியதும் மறுபடி தட்டோடு வந்து நிற்கிறான். ராத்திரி எழுந்து சோற்றுப் பானையைத் திறக்கிறான். நான் கட்டியிருப்பது சொந்த மாமன் மகனை. "நீதான் ஊட்டிக் கெடுத்தே" என்கிறார் அத்தை. வளர்ப்புதான் காரணமா?

வார்டு டயட்டீஷியன்:
அக்கா, உங்கள் வளர்ப்பைக் குறை சொல்ல வேண்டாம். இந்த மாதிரிப் பசி அடம் இல்லை. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன்தான் உடம்பில் சேமிப்பு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிறது. 1997இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒ'ராஹிலி, ஃபாரூக்கி என்ற ஆய்வாளர்களின் குழுவினர் இரண்டு பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். எட்டு வயதுச் சிறுமி 86 கிலோ, இரண்டு வயதுப் பையன் 29 கிலோ. பாகிஸ்தான் பூர்வீகம், சொந்தத்துக்குள் கல்யாணம் செய்த குடும்பம். லெப்டின் மரபணுவில் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என வரும் இரண்டு பிரதியும் பழுது; ரத்தத்தில் லெப்டின் கிட்டத்தட்ட இல்லை. தினமும் லெப்டின் ஊசி போட்டதும் அந்தச் சிறுமியின் பசி அடங்கியது. ஒரு வருஷத்தில் 16 கிலோ குறைந்தாள்.

உறவில் கட்டினால் ஒரே பழுது இரு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு கூடும். அதற்காக உங்கள் பையனுக்கும் இதேதான் என்று இல்லை. இது மிக அபூர்வம். ஒற்றை மரபணுக் கோளாறுகளில் மூளையில் பசியை அடக்க உதவும் எம்சி4ஆர் மரபணுவின் பழுதுதான் அதிகம் காணப்படுவது, அதற்கு ஒரு பிரதி கெட்டாலே போதும். குழந்தைகள் ஹார்மோன் மருத்துவரைச் சீக்கிரம் பாருங்கள். பிறந்ததிலிருந்து எடுத்த எடை, உயரக் குறிப்பெல்லாம் கையோடு இருக்கட்டும். ரத்தத்தில் லெப்டின் அளவும் மரபணுப் பரிசோதனையும் தேவையா என்று கேளுங்கள்.

சேலம் செல்வம்:
நான் 96 கிலோ. எனக்கும் அந்த ஊசி உதவுமா?

வார்டு டயட்டீஷியன்:
உதவாது அண்ணா. பெரும்பாலான பருமனானவர்களுக்கு ரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே அதிகம். மூளைதான் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. சாதாரணப் பருமனில் பல மரபணுக்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டுகின்றன. 2007இல் தெரியவந்த எஃப்டிஓ என்ற மரபணுவின் மாறுபாடு இரு பிரதியிலும் இருந்தால், ஐரோப்பியர்களில் சராசரியாக 3 கிலோதான் கூடுதல். அதிலும் பெரும்பங்கு பசி வழியாகத்தான் என்று நினைக்கிறேன்.

தென்காசி அம்மா:
சரிம்மா, திங்கட்கிழமையே கூட்டிக்கொண்டு போகிறேன். அதுவரை சாப்பாட்டைக் குறைக்கலாமா?

வார்டு டயட்டீஷியன்:
பட்டினி போடாதீர்கள் அக்கா. பருப்பும் காயும் கூட்டி, பிஸ்கட்டையும் ஜூஸையும் வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். அத்தையையும் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.