டெக்சாஸ் துப்பாக்கி லைசென்ஸோடு கொலராடோ போகலாமா?

டல்லாஸ்வாசி: நியூ மெக்சிகோ வழியாகக் கொலராடோவில் உள்ள மேசா வெர்டே தேசியப் பூங்காவுக்குக் காரில் போகிறோம். டெக்சாஸ் எல்டிசி (கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளும் லைசென்ஸ்) இருக்கிறது. க்ளாக் 17 கைத்துப்பாக்கியை இடுப்பில் மறைத்து வைத்துக்கொள்ளலாமா? பிள்ளைகளும் வருகிறார்கள், வழியில் சிக்கல் வரக்கூடாது.

ஆஸ்டின்காரன்: இரண்டு மாநிலங்களும் நம் எல்டிசியை ஏற்கின்றன தம்பி. அட்டையை மறக்க வேண்டாம். 2021 முதல் டெக்சாஸில் லைசென்ஸ் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம் என்பது எல்லையோடு முடிந்தது. எனக்குக் கவலை உங்கள் மேகசீன்தான், அதாவது துப்பாக்கியில் தோட்டா அடைக்கும் கூடு. அதில் 17 தோட்டா போகும். கொலராடோவில் 2013 முதல் 15தான் உச்சவரம்பு. காலியாக இருந்தாலும் விட மாட்டார்கள். 10 தோட்டா மேகசீன் ஒன்று வாங்கிவிடுங்கள்.

மலைப்பாதை: பூங்காவுக்குள் 2010 முதல் மாநிலச் சட்டம்தான். ஆனால் பார்வையாளர் மையம், அருங்காட்சியகம் எல்லாம் மத்திய அரசுக் கட்டடங்கள், உள்ளே கொண்டுபோனால் குற்றம். காரில் விடுவதென்றால் பூட்டிய கெட்டிப் பெட்டியில், வெளியே தெரியாமல் வைத்து, காரையும் பூட்ட வேண்டும். 2025 முதல் கொலராடோ சட்டம் இது. பிள்ளைகள் இருக்கும்போது அந்தப் பெட்டி எப்படியும் வேண்டும்.

டல்லாஸ்வாசி: நன்றி அண்ணா. அப்புறம், அடுத்து நியூயார்க் போகும் எண்ணமும் உண்டு.

ஆஸ்டின்காரன்: அங்கே நம் எல்டிசி செல்லாது. துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போங்கள்.