தாய் சேய் நல அட்டையை வைத்துக் கர்ப்பிணிகளிடம் பேசுவது எப்படி? ஏழெட்டு நிமிடத்தில் எதைச் சொல்வது?

புது வி.எச்.என்.

வணக்கம் சிஸ்டர்ஸ். கிராம சுகாதார செவிலியராக (வி.எச்.என்.) புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். செக்கப் நாளில் ஒருவருக்கு ஏழெட்டு நிமிடம்தான் கிடைக்கிறது. எடை, பிரஷர், ஹீமோகுளோபின், சிறுநீர், வயிறு எல்லாம் பார்த்து அட்டையில் எழுதி, பிக்மியில் (கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் அரசு இணையதளம்) ஏற்றுவதற்குள் அடுத்தவர் வந்து நிற்கிறார். அட்டையில் படம் போட்டு அவ்வளவு விஷயம் இருக்கிறது, அதை யாரும் திறந்து பார்ப்பதாகத் தெரியவில்லை. பிறப்புச் சான்றிதழுக்கு 12 இலக்கப் பதிவு நம்பர் வேண்டும், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பணம் வர வேண்டும், அதற்கான அட்டை என்றே பலரும் பத்திரப்படுத்துகிறார்கள். இதை வைத்து ஆலோசனை சொல்ல நடைமுறையில் என்ன செய்யலாம்? எந்த மாதத்தில் எந்தப் பக்கம்?

மூத்த செவிலி

சிஸ்டர், முதலில் அட்டை யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். உள்ளே வந்ததும் வாங்கி மேசையில் விரித்து, நாம் குனிந்து எழுதி, மூடிக் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பெண் தன் அட்டையின் உள்பக்கத்தையே பார்ப்பதில்லை. எழுதும் நேரம் தவிர மற்ற நேரம் அது அவர் மடியில் இருக்கட்டும். எழுதும்போதே எண்ணை வாய்விட்டுச் சொல்லி, போன மாத எண்ணையும் அவர் விரலாலேயே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். "போன மாசம் 9.1, இப்ப 9.4, நமக்கு 11 வேணும்." இதற்கு அரை நிமிடம் கூட ஆகாது.

ஒரு செக்கப்புக்கு ஒரு பக்கம் போதும். 12 வாரத்துக்குள் பதிவுக்கு வரும்போது ஃபோலிக் அமிலம், வாந்தி, அடுத்து வரவேண்டிய தேதி. நான்காம் மாதத்திலிருந்து இரும்பு, கால்சியம் மாத்திரை. ஆறாம் மாதத்தில் சாப்பாடும் சர்க்கரை டெஸ்ட்டும். ஏழுக்கு மேல் அசைவு, பிரசவ ஏற்பாடு. தாய்ப்பால் பேச்சை ஒன்பதாம் மாதம் வரை தள்ளாதீர்கள், அதற்குள் பலர் தாய் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

மாத்திரைப் பக்கத்தில்தான் கூடுதல் நேரம் செலவாகும், ஆகட்டும். 12 வாரம் முடிந்ததும் தினம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, 180 நாள். ஒன்றில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். ஹீமோகுளோபின் 7 முதல் 10.9 வரை என்றால் தினம் இரண்டு. 7-க்குக் கீழே போனால் மாத்திரையோடு நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 14 வாரத்திலிருந்து கால்சியம் 500 மி.கி., தினம் இரண்டு. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது, குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். கால்சியத்தைக் காலையும் மதியமும் சாப்பாட்டோடு, இரும்பை ராத்திரி படுக்கப்போகும் முன் என்று பிரித்துக் கொடுத்தால் குழப்பம் இல்லை. குமட்டலும் தூக்கத்தில் தெரியாமல் போகும். டீ, காபி, பாலோடு இரும்பு மாத்திரை கூடாது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா நல்லது.

மலம் கறுப்பாகப் போகும் என்பதை மாத்திரை கொடுக்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் பயந்து நிறுத்திவிடுவார்கள். "பிள்ளை கறுப்பாப் பிறக்கும்", "பிள்ளை பெருத்து ஆபரேஷன் ஆயிடும்" என்ற பேச்சு வீட்டில் இருக்கிறதா என்று நீங்களே கேட்டுவிடுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். "மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் பதில் எப்போதும் "ஆமா"தான். காலி மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி எண்ணுங்கள். இரண்டு வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டு, ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராம் கூட ஏறவில்லை என்றால் காரணம் வேறு, மருத்துவர் பார்க்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்

மேலே சிஸ்டர் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். ஒரு செக்கப்புக்கு ஒரு பக்கம் சரி. ஆபத்து அறிகுறிப் பக்கம் அந்தக் கணக்கில் வராது, அது ஒவ்வொரு முறையும் வேண்டும். எட்டாம் மாதத்துக்கு என்று ஒதுக்கி வைத்தால், ஆறாம் மாதத்தில் பிரஷர் ஏறும் பெண்ணுக்கு என்ன செய்வது?

எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் காட்டி, "இது என்ன? ராத்திரி பத்து மணிக்கு இப்படி ஆனா யார்கிட்ட சொல்வீங்க, எப்படிப் போவீங்க?" என்று கேளுங்கள். ஒரு முறைக்கு இரண்டு படம் போதும். ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைவது, வலிப்பு, காய்ச்சல் எல்லாம் படத்தைப் பார்த்ததுமே பிடிபடும். பிடிபடாதது தலைவலியும் கண் மங்கலும் முகவீக்கமும்தான். கால் வீக்கம் எல்லாருக்கும் வருவதுதானே என்று வீட்டில் சமாதானம் சொல்வார்கள். காலையில் எழும்போதே முகமும் விரலும் வீங்கியிருப்பது வேறு, மாலையில் கணுக்கால் வீங்குவது வேறு என்று பிரித்துச் சொல்லுங்கள். பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் உட்காரவைத்து மறுபடி பார்த்து, சிறுநீரில் புரதம் பார்த்து, அன்றே அனுப்புங்கள்.

"புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். தலையாட்டல்தான் கிடைக்கும். "வீட்டுல கேட்டா எப்படிச் சொல்வீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்று கேட்டால், எது போய்ச் சேரவில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று, கடைசி மாதவிலக்குத் தேதி. அட்டையின் மற்ற எல்லாக் கணக்கும் இதன்மேல்தான் நிற்கிறது. பெரும்பாலும் தேதி நினைவிருக்காது, பண்டிகை நினைவிருக்கும். "ஆடிப்பெருக்கு அன்னிக்கு" என்பார்கள். ஆடி 18 என்றதும் ஜூலை 18 என்று எழுதிவிடுவது வழக்கமான பிழை. 2025-இல் ஆடி 18 வந்தது ஆகஸ்ட் 3-இல். ஏழு நாள் கூட்டி ஒன்பது மாதம் தள்ளினால் பிரசவத் தேதி மே 10. தப்பாக எழுதியிருந்தால் ஏப்ரல் 25. 15 நாள் வித்தியாசம்! வயிறு வாரத்துக்கு ஏற்ற அளவில் இல்லை என்று வீண் கவலை, பிறகு நாள் தள்ளிவிட்டது என்று வலி வரவழைக்க அவசரம். பதிவு செய்யும் மேசையில் தமிழ் தேதியும் இருக்கும் நாட்காட்டி ஒன்று மாட்டுங்கள். போன வருடத்தையும் கழற்றாதீர்கள்.

புது வி.எச்.என்.

ரொம்ப நன்றி டாக்டர், சிஸ்டர். இரண்டு சிக்கல் இருக்கிறது. கூட வரும் மாமியாரே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்கிறார். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போனவர்களின் அட்டை, அங்கே போனதும் வெறும் காகிதமாகிவிடுகிறது. இதற்கு என்ன செய்கிறீர்கள்?

கிளினிக் மேசை

மாமியாரை வெளியே அனுப்பப் பார்க்காதீர்கள், அடுத்த மாதம் மருமகளை அனுப்பமாட்டார். வயிறு பார்க்கும்போது திரை போடுகிறோம் அல்லவா, தனியாகக் கேட்க வேண்டியதை அங்கே கேளுங்கள். முந்தைய கருச்சிதைவு, வீட்டில் அடிதடி, மாத்திரையை யாராவது தடுப்பது, எல்லாம் அங்கேதான் வரும். வெளியே வந்ததும் மாமியாரிடமே ஒரு வேலை கொடுங்கள். "ராத்திரி மாத்திரைக்கு நீங்கதான் பொறுப்பு" என்று சொல்லி அந்தப் பக்கத்தை அவருக்கும் காட்டுங்கள்.

அட்டையை வீட்டில் எல்லாரும் புரட்டுவார்கள் என்பது நினைவிருக்கட்டும். எச்.ஐ.வி. சோதனை முடிவை அதில் எழுதக்கூடாது. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி அது ரகசியம். கணவர் வீட்டுக்குத் தெரியாத பழைய கர்ப்பம் இருந்தால், அட்டையில் எழுதலாமா என்று அந்தப் பெண்ணைக் கேட்டுவிட்டு, மருத்துவரிடம் நேரில் சொல்லுங்கள். நம்பிக்கை ஒருமுறை போனால் அடுத்த தகவல் வராது.

தாய் வீட்டுக்கு, பிரசவ ஏற்பாட்டுப் பக்கத்தை அந்த ஊரை வைத்து நிரப்புங்கள். எந்த ஆஸ்பத்திரி, ராத்திரியில் 108 வந்து நிற்க அடையாளம் என்ன, கூட யார், ரத்தம் தேவைப்பட்டால் யார், மூத்த குழந்தை யாரிடம். நம் ஊர் ஆஸ்பத்திரி பெயரை எழுதி அனுப்பினால் அந்தப் பக்கம் அங்கே பயன்படாது. ரத்த வகை, கடைசி ஹீமோகுளோபின், பிரஷர், சர்க்கரை அளவு, டி.டி. ஊசி போட்ட தேதிகள் எல்லாம் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை அட்டையோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, எல்லாப் பக்கத்தையும் அவர் செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். அந்த ஊர் வி.எச்.என். நம்பரைக் கேட்டு வாங்கி அட்டையிலேயே எழுதிவிடுங்கள். எழுத ஜெல் பேனா வேண்டாம், ஈரம் பட்டால் கரைந்துவிடும்.

நேரப் பிரச்சினைக்கு ஒரு வழி உண்டு. சர்க்கரை டெஸ்ட் நாளில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துவிட்டு எல்லாரும் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், பாதிப்பேர் கடைக்குப் போய்விடுகிறார்கள். அந்த நேரம்தான் உங்கள் வகுப்பு. இந்தோனேசியாவில் மருத்துவிச்சிகள் கர்ப்பிணிகளைப் பத்துப் பேருக்கு மிகாமல் உட்காரவைத்து, அவரவர் கையேட்டைத் திறக்கச் சொல்லி வகுப்பு எடுக்கிறார்கள். அதையே இங்கே செய்யலாம். குடித்து 30 நிமிடத்துக்குள் வாந்தி எடுத்தவருக்கு அன்று டெஸ்ட் செல்லாது, வேறு நாள் வரச் சொல்ல வேண்டும் என்பதும் கூடவே உட்கார்ந்திருந்தால்தான் தெரியும். சர்க்கரை முடிவு 140 அல்லது அதற்கு மேல் என்றால், எண்ணை எழுதி அனுப்பிவிடாமல் மருத்துவரைப் பார்த்துவிட்டே வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள்.

மட்டக்களப்பு மருத்துவமாது

இலங்கையில எங்கட கர்ப்பிணிப் பதிவேடு இரண்டு பிரதி. ஒன்று தாயிட்ட, மற்றது எங்களிட்ட இருக்கும். அதனால வீட்டுத் தரிசிப்புக்குப் போகேக்க இரண்டையும் பக்கத்தில வச்சு ஒப்பிடலாம். கிளினிக்கில மேசைக்கு முன்னால சொல்லாததை வீட்டு முற்றத்தில சொல்லுவினம்.

எங்கட பதிவேட்டில நிறை கூடுறதுக்கு ஒரு வரைபு இருக்கு, ஆலோசனைக்கு அதுதான் நல்ல பிடி. எல்லாருக்கும் 10 முதல் 12 கிலோ எண்டு ஒரே அளவு சொல்லக்கூடாது. உயரத்துக்கு ஏற்ற நிறைக் கணக்கு (பி.எம்.ஐ.) 18.5-க்குக் கீழ எண்டால் 12.5 முதல் 18 கிலோ வரை கூடவேணும். 25-க்கு மேல, 30-க்குக் கீழ எண்டால் 7 முதல் 11.5 கிலோ போதும். மெலிந்த தாய்க்கும் பருத்த தாய்க்கும் ஒரே சாப்பாட்டுக் கதை சொன்னால் இரண்டு பேருக்கும் உதவாது. புள்ளியைத் தாயையே வைக்கச் சொல்லுங்கோ. கோடு படுத்தால் வீட்டில சாப்பாடு காணுதா, திரிபோஷா (அரசாங்கம் குடுக்கிற சத்துமா) அவவுக்குப் போகுதா இல்லை வீட்டுப் பிள்ளையளுக்குப் போகுதா எண்டு கேக்கலாம். ஒரு மாதத்தில 3 கிலோவுக்கு மேல ஏறினால் சந்தோசப்படாதேங்கோ, குருதியமுக்கத்தைத் திரும்பப் பாருங்கோ.

பிள்ளையின்ர அசைவும் அப்பிடித்தான். 28 வாரத்துக்குப் பிறகு காலமையில இருந்து எண்ணத் தொடங்கி, 12 மணித்தியாலத்துக்குள்ள பத்து அசைவு வரவேணும். பத்தாவது அசைவு வந்த நேரத்தைத் தாய் தானே குறிக்கட்டும். ஜப்பானில 1948-இல இருந்து கொடுக்கிற தாய் சேய் கையேட்டிலயும் தாய் தன்ர கையால எழுதுற பக்கங்கள் இருக்கு. எழுத வராத தாய்க்கு ஒரு அசைவுக்கு ஒரு தீக்குச்சி எடுத்து வைக்கச் சொல்லலாம். பத்து வராட்டி, இல்லை வழமையைவிடக் குறைஞ்சு தெரிஞ்சால், அண்டைக்கே ஆசுபத்திரி. "நாளண்டைக்குக் கிளினிக் இருக்குத்தானே" எண்டு இருந்துவிடுவினம். அதனால அடுத்த கிளினிக் திகதியைச் சொல்லேக்கயே, "இது சுகமாய் இருந்தால் வாற திகதி, அசைவு குறைஞ்சால் இந்தத் திகதியைப் பார்க்கவேண்டாம்" எண்டு சேர்த்துச் சொல்லுங்கோ.

புது வி.எச்.என்.

தீக்குச்சி யோசனைக்கு நன்றி அக்கா. வரும் செக்கப் நாளில் சர்க்கரை டெஸ்ட்டுக்கு ஒன்பது பேர் வருகிறார்கள். அட்டையோடு அவர்களை வட்டமாக உட்காரவைத்து, ஆபத்து அறிகுறிப் படத்திலிருந்து தொடங்குகிறேன். மேசைக்குத் தமிழ் நாட்காட்டியும் வாங்கியாகிவிட்டது.