புதுப்பிப்பு: மாமாவின் அரிசிக் கடை பில்லில் 10 கிராம் பிசகு

கல்முனையில் மாமாவின் அரிசிக் கடைக்குப் பைதான் மொழியில் எழுதிய பில் புரோகிராம், டெசிமல் (தசம எண்களைத் துல்லியமாக வைக்கும் எண் வகை) பாவித்தும் எடையைச் சில வேளை இரண்டு தசம இடத்துக்குப் பிழையாக மட்டந்தட்டுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

பிழை என்னுடையதுதான். தராசிலிருந்து கிலோ கணக்கில் '2.675' என்று எழுத்தாகத்தான் வருகிறது. அதை முதலில் ஃப்ளோட்டாக்கி (கணினி இரும முறையில், 0, 1 மட்டும் கொண்டு, வைக்கும் தசம எண்), பிறகு டெசிமலுக்குக் கொடுத்திருக்கிறேன். இரும முறையில் 2.675 சரியாக அடங்காது, 2.67499999... என்றே நிற்கும். டெசிமல் அந்தக் குறையையும் ஒன்றுவிடாமல் பத்திரமாக வாங்கிக்கொள்கிறது. அதனால் 2.68 வரவேண்டிய இடத்தில் 2.67. எழுத்தை நேரே டெசிமலுக்குக் கொடுத்ததும் சரி வந்தது.

முடிந்தது என்று பார்த்தால், 2.665 இப்போது 2.66 ஆகிறது. அது வேறு கதை. டெசிமலை மட்டந்தட்டும் கட்டளையான குவாண்டைஸ், வேறு எதுவும் சொல்லாவிட்டால், சரிபாதியில் நிற்கும் 5ஐக் கடைசி இலக்கம் இரட்டை எண்ணாக வரும் பக்கம் தள்ளும். பள்ளிக்கூடத்தில் படித்தது போல மேலே ஏற்ற, ரவுண்ட் ஹாஃப் அப் என்று குறிப்பிட வேண்டும்.

10 கிராமுக்கு இவ்வளவு பாடா என்று அலுத்துக்கொண்டேன். மாமா விடவில்லை: "கணக்கெண்டா கணக்குத்தான், மருமகன்."

ஃப்ளோட்டை டெசிமலோடு கூட்டினால் பைதான் டைப் எரர் (வகை பொருந்தாத பிழை) தந்து தடுத்துவிடும். ஃப்ளோட்டை டெசிமலாக மாற்றும்போதுதான் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறது. பழைய விலைகள் இன்னும் ஃப்ளோட்டாகவே கிடக்கின்றன. அவற்றை முழுச் சதங்களாக மாற்றும் வேலை மீதி.