கயிறு அறுக்கையில மடக்குக் கத்தி விரல்ல மடங்கிருச்சு. தினமும் வச்சுக்க எது வாங்கலாம்?

கானாடுகாத்தான் பந்தல்:
வணக்கம். பந்தல், தோரணம் கட்டுறது என் தொழில். கல்யாணம்னா சொந்தபந்தம் எல்லாம் பூர்வீக வீட்டுக்கு வந்து இறங்கிருவாக. முகப்புலேருந்து வளவு (உள்முற்றம்) வரைக்கும் ஒரே ராத்திரியில கட்டி முடிக்கணும். நார்க்கயிறு, குருத்தோலை, அட்டைப்பெட்டின்னு நாள் முழுக்க அறுப்புதான். சந்தையில வாங்குன மடக்குக் கத்தி ஒண்ணு சட்டைப்பையிலயே கிடக்கும். போன வாரம் தாம்புக்கயிறு அறுக்கும்போது கத்தி நடுவுல மாட்டிக்கிச்சு. உருவலாம்னு மேலயும் கீழயும் ஆட்டுனேன், பட்டுனு மடங்கி ஆள்காட்டி விரல்ல இறங்கிருச்சு. மூணு தையல்.

இன்னொரு தொல்லை: சாணை பிடிச்ச ஒரே வாரத்துல மழுங்கிருது. முனைப்பக்கம் நீலமா ஒரு கறை வேற விழுந்திருக்கு.

வேலை முடிஞ்சு நடுராத்திரியில தேவகோட்டை ரஸ்தா வழியா தனியாத்தான் வண்டியில வருவேன். தற்காப்புக்கும் ஆகுற மாதிரி ஒண்ணு வாங்கிப் பழகலாமா?

திருப்பாச்சேத்தி பட்டறை:
தம்பி, விரல் நுனியில உணர்ச்சி இருக்கா? மரத்துப்போயிருந்தாலோ மடக்க முடியாம இருந்தாலோ மறுபடி டாக்டரைப் பாருங்க, நரம்பு பட்டிருக்கலாம். டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டாச்சான்னும் கேட்டுக்குங்க.

உங்க கத்தியில பூட்டு கிடையாது. அலகை நிறுத்தி வைக்கிறது பிடியோட முதுகுல இருக்கிற வில்தகடு ஒண்ணுதான். அறுக்கையில விசை வாய்ப்பக்கம், அதாவது கூர் இருக்கிற பக்கம், விழுகிற வரைக்கும் அது தாங்கும். மாட்டுன கத்தியை ஆட்டும்போது விசை முதுகுப்பக்கம் திரும்பிருது, உடனே மடங்கிரும். குத்தித் துளை போடும்போதும் இதே கதிதான். கத்தி மாட்டிக்கிச்சுன்னா ஆட்டாதீங்க. கயிறை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு, போன வழியிலயே நேரா உருவுங்க.

புதுசு வாங்குறதா இருந்தா பூட்டு உள்ளதா வாங்குங்க. லைனர் லாக்னா, திறந்ததும் பிடிக்குள்ள இருந்து ஒரு தகடு வந்து அலகோட அடியில முட்டுக்கொடுக்கும். லாக்பேக்னா பூட்டு பிடியோட முதுகுல இருக்கும். கடையிலயே சோதிச்சிருங்க: திறந்து, விரல் எதுவும் மடங்குற வழியில இல்லாம பிடிச்சு, அலகோட முதுகை ஒரு மரக்கட்டையில லேசாத் தட்டுங்க. அசைஞ்சா வேணாம். அலகு 3 அங்குலம் இருந்தா உங்க வேலைக்குப் போதும். மாங்காய், எலுமிச்சைன்னு புளிப்பும் அறுப்பீங்கன்னா ஸ்டெயின்லெஸ்தான் நல்லது. கார்பன் இரும்பு நல்லாக் கூர் பிடிக்கும், ஆனா துடைக்காம விட்டா துரு ஏறிரும்.

தாம்புக்கயிறுக்கு இந்தக் கத்தியே வேணாம். கருக்கரிவாள் வச்சுக்குங்க, அந்தப் பல்லு நாரைக் கவ்வி அறுக்கும்.

அந்த நீலக்கறைதான் எனக்கு வருத்தமா இருக்கு. சாணைச் சக்கரத்துல தண்ணி காட்டாம அழுத்திப் பிடிச்சிருக்காக. இரும்பு ஏறக்குறைய 300 டிகிரி சூடு கண்டாத்தான் அந்த நிறம் வரும். அந்த இடத்துல பதம் போயி இரும்பு மெத்துனு ஆயிருக்கும், எத்தனை தடவை தீட்டுனாலும் கூர் நிக்காது. அந்த மெல்லிசு விளிம்பைத் தண்ணிக்கல்லுல (தண்ணி விட்டுத் தீட்டுற கல்லு) பொறுமையாத் தேய்ச்சுக் கழிச்சா, உள்ள நல்ல இரும்பு இருந்தா பிழைக்கும்.

கோட்டையூர் கொட்டான்:
தம்பி, நான் ஓலைக்கொட்டான் முடையிறவ. பழகுறதுக்கு ஓலையை விட நல்லது இல்லை. ஒரே அகலத்துல நறுக்கு நறுக்காக் கீறிப் பாருங்க. கை நடுங்குனா அகலம் மாறிரும், உடனே தெரிஞ்சிரும். கத்தியை விறைப்பாப் பிடிக்காம, ஓலையைப் பிடிச்ச கை எப்பவும் அலகுக்குப் பின்னாடி இருக்கட்டும். மடியில வச்சு அறுக்கவே கூடாது, தொடையில பெரிய ரத்தக்குழாய் ஓடுது. கீழே விழுகிற கத்தியைப் பிடிக்கப் போகாதீங்க, காலை நகத்திட்டு விழுக விடுங்க. என் மகன் பிடிச்சுத்தான் உள்ளங்கையில தழும்பு வாங்குனான்.

தேவகோட்டை வாசகர்:
சட்டம் பத்தி ஒரு வார்த்தை. அலகு 9 அங்குலத்துக்கு மேல நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல அகலமோ இருந்தா ஆயுத விதிகள்ல ஆயுதப் பட்டியல்ல வந்திரும். வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்குன்னு செஞ்சதுக்கு விலக்கு உண்டு. சின்னக் கத்தியா இருந்தாலும் விமானத்துல கைப்பையில விடமாட்டாக.

தற்காப்புன்னு கத்தியை நம்பாதீங்க அண்ணே. இருட்டுல கை நடுங்கையில அதைத் திறக்கவே நேரம் இருக்காது, எதிராளி பிடுங்குனா நிலைமை இன்னும் மோசம். வண்டியை நிறுத்தாமப் போங்க, 112-ஐ அழுத்துங்க. கத்துக்கணும்னு ஆசை இருந்தா சிலம்பம் கத்துக்குங்க. காலடிதான் முதல்ல சொல்லித்தருவாக, விலகி ஓடவும் அதுதான் வேணும்.

கானாடுகாத்தான் பந்தல்:
விரல்ல உணர்ச்சி இருக்கு, ஊசியும் போட்டாச்சு. தற்காப்பு யோசனையை விட்டுட்டேன். வீட்டுல ஒரு தண்ணிக்கல்லு கிடக்கு. எந்தச் சாய்வுல தீட்டணும்?

திருப்பாச்சேத்தி பட்டறை:
பக்கத்துக்கு 20 டிகிரி. செங்குத்தா நிறுத்தி, பாதி சாய்ச்சு, அதுலயும் பாதி சாய்ச்சா ஏறக்குறைய அங்க வந்து நிக்கும். விளிம்புல மார்க்கர் பேனாவால மை பூசிட்டுத் தீட்டுங்க. மை விளிம்புல அழியாம மேல மட்டும் அழிஞ்சா சாய்வு ரொம்பப் படுத்திருக்கு. ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் பிசிறு தட்டுப்படும், அதுக்கப்புறம் திருப்புங்க. கடைசியா பழைய தோல் பெல்ட்டுல, அலகை வாய்க்கு எதிர்த்திசையில பத்துப் பதினஞ்சு தடவை இழுங்க. கீலுக்குத் தேங்காயெண்ணெய் வேணாம், பிசுபிசுத்துத் தூசி சேரும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

கானாடுகாத்தான் பந்தல்:
பத்து நாள் ஆச்சு. லைனர் லாக் ஒண்ணு, 3 அங்குலம், வாங்கிட்டேன். தட்டிப் பார்த்தேன், அசையலை. பழைய கத்தியில நீலம் போற வரைக்கும் ரெண்டு சாயங்காலம் தேய்ச்சேன், இப்ப பேப்பரைத் தொங்கவிட்டு அறுத்தா சத்தமே இல்லாம இறங்குது. அதைக் குருத்தோலைக்கு மட்டும் வச்சிருக்கேன். கோட்டையூர் ஆச்சி சொன்ன மாதிரி கீறுனதுல முதல் இருபது ஓலை வீணாப்போச்சு. நேத்துக் கட்டுன தோரணத்துல நறுக்கு எல்லாம் ஒரே அகலம்.