28,000 கிலோமீட்டர்லயே முன் டயர் மொட்டை, தப்பு டயர்லயா?

வெள்ளைஹேட்ச்பேக்:
வணக்கம் மக்களே. வண்டியோட வந்த டயர் 54,000 ஓடுச்சு, அப்புறம் வேற கம்பெனி டயர் நாலும் புதுசா மாத்தினேன், இப்ப 28,000தான் ஆகுது அதுக்குள்ள முன்னாடி ரெண்டும் மொட்டை. அதே ரோடு, ஓட்டுறதும் நான் மட்டும்தான். போன வாரம் மழையில பிரேக் அடிச்சா வண்டி நிக்காம வழுக்கிட்டே போகுது, பின் சீட்ல குழந்தைங்க வேற, அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. உங்களுக்கெல்லாம் டயர் எவ்வளவு ஓடுது?

நெடுந்தூரம்:
கம்பெனிய அப்புறம் பாக்கலாம் ப்ரோ, முதல்ல எந்த இடத்துல தேஞ்சிருக்குன்னு பாருங்க. நடுவுல மட்டும்னா காத்து ஜாஸ்தி, ரெண்டு ஓரமும்னா காத்து கம்மி, உள் ஓரம் மட்டும்னா பெரும்பாலும் அலைன்மென்ட்தான், அதாவது சக்கரம் நிக்கிற கோணம் மாறியிருக்கும். ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு வச்சுட்டு டயர் மேல குறுக்கால கைய வச்சு தடவுங்க, ஒரு பக்கமா தடவும்போது வழுவழுன்னும் திருப்பி தடவும்போது ரம்பப் பல்லு மாதிரியும் இருந்தா டோ, அதாவது மேலேர்ந்து பாத்தா சக்கரம் உள்ள வெளிய திரும்பி நிக்கிற அளவு, மாறியிருக்கு. எனக்கும் இப்படித்தான் போச்சு, வெளியிலேர்ந்து பாத்தா புது டயர் மாதிரி இருந்துச்சு, கழட்டிப் பாத்தா உள் ஓரத்துல கம்பி தெரியுது.

மழைக்காலம்:
டயர் சைடுல ட்ரெட்வேர்னு ஒரு தேய்மான நம்பர் இருந்தா அதையும் பாருங்க. 200 போட்டது மென்மையான ரப்பர், 400 போட்டத விட சீக்கிரம் தேயும். ஆனா அந்த நம்பர கம்பெனிக்காரங்களே டெஸ்ட் பண்ணி போடுறாங்க, அதனால ஒரே கம்பெனி டயருக்குள்ள ஒப்பிட்டா சரியா இருக்கும், வேற வேற கம்பெனிய ஒப்பிட முடியாது. நான் ஒரு செட் 70,000 ஓட்டினேன், நல்லா உழைச்சுது ஆனா ஈர ரோட்டுல நம்பி பிரேக்ல கால வைக்க முடியாது. இப்ப க்ரிப் பாத்துதான் வாங்குறேன், 40,000 வந்தா போதும்.

வாடகைவண்டி:
டயர் வயசையும் பாருங்க சார். டயர் சைடுல DOTனு ஆரம்பிக்கிற கோடுல கடைசி நாலு நம்பர், 2319னா 2019ல 23வது வாரம் செஞ்சது. என் ஸ்டெப்னி ஒன்பது வருஷம் டிக்கியிலயே கெடந்துச்சு, பட்டன் எல்லாம் முழுசா இருக்கேன்னு மாட்டினேன், போற வழியில ட்ரெட், அதாவது ரோட்டுல படுற மேல் ரப்பர், தோலு மாதிரி உரிஞ்சு வந்துருச்சு. ரப்பர் சும்மா இருந்தாலும் காஞ்சு வெடிப்பு விடும். அப்புறம் 10,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா முன்ன பின்ன மாத்திடுங்க, முன் வீல் டிரைவ் வண்டில முன்னாடிதான் சீக்கிரம் தேயும்.

வெள்ளைஹேட்ச்பேக்:
தடவிப் பாத்தேன், ரம்பமேதான். உள் ஓரத்துல, டயர மாத்தணும்னு காட்டுற 1.6 மில்லிமீட்டர் கோட்டுக்கே வந்துடுச்சு. ஆறு மாசம் முன்னாடி ஒரு பள்ளத்துல விழுந்து ரிம் வளைஞ்சுது, அத நிமித்தி பேலன்சிங் மட்டும் பண்ணிட்டு வந்துட்டேன், அலைன்மென்ட் பாக்கவே இல்ல. பாவம், டயரைத் திட்டிட்டு இருந்தேன். பின்னாடி ரெண்டுலயும் 5 மில்லி இருக்கு, அதனால புதுசு ரெண்டு மட்டும் வாங்கி முன்னாடி போட்டுக்கலாம்ல?

நெடுந்தூரம்:
முன்னாடி வேணாம் ப்ரோ, புதுச பின்னாடி போட்டுட்டு பின்னாடி இருக்கறத முன்னாடி கொண்டு வாங்க. ஈர ரோட்டுல முன் டயர் வழுக்குனா வண்டி நேரா போகும், ஆக்சிலேட்டர்ல கால எடுத்தா பிடிமானம் திரும்ப வர வாய்ப்பு இருக்கு, பின் டயர் வழுக்குனா வண்டியே சுத்திடும், நம்மளால பிடிக்க முடியாது. மாட்டின அன்னிக்கே அலைன்மென்ட்டும் பண்ணிடுங்க.